மார்பின் (morphine) என்ற வலி மருந்து எங்கே வேலை செய்கிறது?

"கட்டி இடுப்பில் இருக்கிறது, மாத்திரை வயிற்றுக்குள் போகிறது. வலி எப்படிக் குறைகிறது, சிஸ்டர்?" கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டில், தேயிலைக் கறை படிந்த கட்டைவிரலால் பத்து மில்லிகிராம் மார்பின் மாத்திரையை அட்டையிலிருந்து அழுத்தி எடுத்தபடி அந்த அம்மா கேட்டார். வலி தணிப்புச் செவிலியாக வீடு வீடாகப் போகிறவள் நான். இப்படிக் கேட்பவர்கள் குறைவு.

கட்டியை மார்பின் ஒன்றும் செய்வதில்லை. வலியைச் சுமந்து வரும் நரம்பு, முதுகுத் தண்டில் அடுத்த நரம்பணுவிடம் செய்தியை ஒப்படைக்கிறது. மின்துடிப்பு வந்ததும் நரம்பு முனைக்குள் கால்சியம் புகவேண்டும். புகுந்தால்தான் செய்தியைக் கடத்தும் குளூட்டமேட் போன்ற பொருள்கள் வெளியே கொட்டும். அந்த முனையில் 'மியூ' வகை ஓபியாய்டு ஏற்பிகள், அதாவது அபினி வகைப் பொருள்கள் வந்து பொருந்தும் புரதங்கள், இருக்கின்றன. மார்பின் அவற்றில் பொருந்தியதும், உள்ளே செய்தி கடத்தும் ஜி புரதம் பிரிந்து கால்சியம் வரும் வழியை அடக்கிவிடுகிறது. துடிப்பு வந்தும் பொருள் குறைவாகவே கொட்டுகிறது. எதிர்ப்புற அணுவிலோ பொட்டாசியம் வெளியேறும் வழி திறக்கிறது. அதனால் அந்த அணு லேசில் தூண்டப்படாது. சொல்பவர் குரலைத் தாழ்த்த, கேட்பவரும் காதைப் பொத்திக்கொள்வதுபோல.

"வலி அங்கேதான் இருக்கிறது, என்னைக் கூப்பிடுவதைத்தான் விட்டுவிட்டது" என்றார் கட்டிலில் இருந்த நோயாளி ஐயா. எந்தப் பாடப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மார்பின் கசகசாச் செடியின் பாலிலிருந்து வருவது. அந்தப் பாலுக்காகவா நம் மூளை ஏற்பி வைத்திருக்கும்? ஏற்பிகள் இருப்பது 1973இல் நிரூபணமானது. 1975இல் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் இந்த ஏற்பிகளில் பொருந்தும், உடலே சுரக்கும் என்கெஃபலின் என்ற பொருளை அடையாளம் கண்டார்கள். ஏற்பி நம்முடைய சொந்தச் சரக்குக்கானது. மார்பின் அதில் வந்து உட்காரும் விருந்தாளி.

மூச்சை நடத்தும் மூளைத்தண்டிலும் இதே ஏற்பி உண்டு. அதனால்தான் அளவைப் படிப்படியாகக் கூட்டுகிறோம். அளவு மீறி மூச்சு தளர்ந்தால், ஏற்பியிலிருந்து மார்பினை விலக்க நலோக்சோன் ஊசி இருக்கிறது.

குடல் நரம்புகளிலும் இதே ஏற்பிதான்; அதைப் பிடித்தால் குடலின் அசைவு மந்தமாகும். வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் வாங்கும் லோபரமைடு இந்த ஏற்பியைத்தான் பிடிக்கிறது. வழக்கமான அளவில் அது மூளைக்குள் நுழைவதில்லை. மார்பின் தரும் தூக்கக் கலக்கம் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. மலமிளக்கி எழுதாத மார்பின் சீட்டைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். ஐயாவின் சீட்டும் அப்படித்தான் இருந்தது. டாக்டரிடம் போனில் கேட்டு, இரவுக்கு ஒன்று சேர்த்து எழுத வைத்தேன். கீரையும் வாழைப்பழமும் போதாதா என்று அந்த அம்மா கேட்டார். போதாது என்றேன்.