கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு: ஆர்.எம்.ஐ. படித்த மூன்று வாரம்

வேலையில் ஒரு பழைய ஜாவா நிரல் என் தலையில் விழுந்தது. அரங்கத்து இருக்கைகளை முன்பதிவு செய்யும் நிரல். எழுதியவர் வேலையை விட்டுப் போய் வெகுநாளாகிறது, குறிப்பும் எதுவும் வைக்கவில்லை. திறந்து பார்த்தால் கிளையன்ட் ஒரு கணினியில், சர்வர் இன்னொன்றில், நடுவே ஆர்.எம்.ஐ. (ரிமோட் மெத்தட் இன்வொகேஷன்). வேறொரு கணினியில் இருக்கும் ஆப்ஜெக்ட்டின் மெத்தடை, நம் பக்கத்திலேயே இருப்பது போலக் கூப்பிட வைக்கும் ஏற்பாடு அது. 1997-ல் ஜாவாவின் கருவித்தொகுப்பான ஜேடிகே 1.1-உடன் வந்தது. கோட் முழுவதும் ரிமோட்எக்செப்ஷனை, அதாவது தொலை அழைப்பு தவறினால் வரும் பிழையை, பிடித்துவிட்டு ஒன்றுமே செய்யாத காலியான கேட்ச் பிளாக்குகள். எண்ணினால் பதினேழு. அப்போது அது எனக்கு உறுத்தவில்லை. கம்பைலர் நச்சரிக்கிறது, வாயை அடைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அந்த நிரலில் கை வைக்கும் முன் சின்னதாக ஒன்றை நானே எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். முதல் அரை நாள் பழைய பாடங்களிலேயே போனது. எல்லாவற்றிலும் 'ஆர்எம்ஐசி என்ற கட்டளையை ஓட்டி ஸ்டப் உருவாக்கு' என்று இருந்தது. என் கணினியில் அந்தக் கட்டளையே இல்லை. ஸ்டப் என்பது கிளையன்ட் பக்கம் நிற்கும் பதிலாள்: நாம் அதைக் கூப்பிட, அது கம்பி வழியே உண்மையான ஆப்ஜெக்ட்டைக் கூப்பிடும். ஜாவா 5-லிருந்து அது ஓட்டத்தின்போதே தானாக உருவாகிவிடுகிறது. ஜேடிகே 15-ல் அந்தக் கட்டளையை எடுத்தே விட்டார்கள். செக்யூரிட்டி மேனேஜர், பாலிசி கோப்பு என்று பாடங்கள் சொல்வதும் அப்படித்தான். சர்வரிலிருந்து கோட் தரவிறக்கம் செய்யாதவரை அதெல்லாம் வேண்டாம்.

மிஞ்சியது கொஞ்சம்தான். ரிமோட் என்ற இன்டர்ஃபேஸை நீட்டிக்கும் ஓர் இன்டர்ஃபேஸ், ஒவ்வொரு மெத்தடிலும் ரிமோட்எக்செப்ஷன் அறிவிப்பு, 1099 போர்ட்டில் ஒரு ரெஜிஸ்ட்ரி (பெயரைச் சொன்னால் ஸ்டப்பைத் தரும் பதிவேடு), அதில் ஆப்ஜெக்ட்டை ஒரு பெயரில் பதிவது. ஒரே கணினியில் இரண்டு டெர்மினல் திறந்து ஓட்டினேன். வேலை செய்தது. இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் சர்வரை வேறு கணினிக்கு மாற்றினேன். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு டு ஹோஸ்ட்: 127.0.1.1' என்று முகத்தில் அடித்தது. நான் கொடுத்தது அந்த முகவரியே இல்லை! இன்னும் குழப்பம் என்னவென்றால், ரெஜிஸ்ட்ரியில் தேடும் வரி ஒழுங்காக ஓடியது. அடுத்த வரியில், மெத்தடைக் கூப்பிடும்போதுதான் விழுந்தது. நெட்வொர்க், கேபிள், போர்ட் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். ரெஜிஸ்ட்ரி தருவது ஸ்டப்பை மட்டும். அந்த ஸ்டப்புக்குள் முகவரியை எழுதி வைப்பது சர்வர். லினக்ஸில் அந்தச் சர்வர் 'என் பெயருக்கு என்ன முகவரி' என்று தன்னையே கேட்டுக்கொள்ள, ஹோஸ்ட்ஸ் கோப்பு 127.0.1.1 என்றது. அது அந்தக் கணினி தன்னைத்தானே குறிக்கும் முகவரி. விசிட்டிங் கார்டில் முகவரி என்று 'நம்ம வீடு' அச்சடித்துக் கொடுத்த மாதிரி. வாங்கிப் போனவர் தன் வீட்டுக் கதவைத்தானே தட்டுவார்? சர்வரைத் தொடங்கும்போதே ஆர்எம்ஐ ஹோஸ்ட்நேம் பண்பில் சரியான முகவரியைக் கொடுத்ததும் தீர்ந்தது. அப்புறம் ஃபயர்வால். 1099-ஐத் திறந்தால் போதும் என்று நினைத்தேன். அது ரெஜிஸ்ட்ரியின் வாசல்தான். ஆப்ஜெக்ட் உட்கார்ந்திருப்பது வேறொரு போர்ட்டில், நாம் சொல்லாவிட்டால் ஏதோ ஓர் எண்ணில். எக்ஸ்போர்ட் செய்யும்போதே, அதாவது ஆப்ஜெக்ட்டை வெளி அழைப்புக்குத் திறந்துவிடும்போதே, போர்ட்டையும் கொடுத்துவிடுவது நல்லது.

இனிமேல் எல்லாம் சாதாரண ஜாவாதானே என்று எழுத ஆரம்பித்தேன். இருக்கை ஆப்ஜெக்ட் ஒன்றை சர்வரின் மெத்தடுக்கு அனுப்பினேன். சர்வர் அதில் 'பதிவானது' என்று குறித்தது. கிளையன்ட்டில் அச்சிட்டால் 'காலி' என்றே வந்தது. சர்வரின் லாகிலோ குறித்ததற்கான வரி இருக்கிறது. சாதாரண ஜாவாவில் இரு பக்கமும் பார்ப்பது ஒரே ஆப்ஜெக்ட். இங்கே அது சீரியலைஸ் ஆகி, அதாவது பைட்டுகளாக மாறி, நகலாகப் போகிறது. சர்வர் குறித்தது நகலில். என் கையில் இருந்தது மூலம். ரிமோட்டாக எக்ஸ்போர்ட் செய்த ஆப்ஜெக்ட் மட்டும் நகலாகாமல் ஸ்டப்பாகப் போகும். ஆக, எது நகல், எது ஸ்டப் என்ற கேள்வியை ஒவ்வொரு பராமீட்டருக்கும் கேட்க வேண்டியிருக்கிறது. கோடைப் பார்த்தால் வித்தியாசம் கொஞ்சமும் தெரியாது என்பதுதான் எனக்கு இதில் பிடிக்காத இடம்.

இரண்டாவது வாரம் இன்னொரு பூதம் கிளம்பியது. சர்வரை ஓடவிட்டு மீட்டிங்குக்குப் போய்த் திரும்பினால் 'நோ சச் ஆப்ஜெக்ட் இன் டேபிள்'. மறுபடி தொடங்கினால் சரியாக ஓடும். சில நேரம் ஐந்து நிமிடம், சில நேரம் ஒரு மணி நேரம், பிறகு அதே பிழை. யாரும் பிடித்து வைக்காத ஆப்ஜெக்ட்டை நினைவகத்திலிருந்து நீக்கும் குப்பை சேகரிப்பான் என் ஆப்ஜெக்ட்டை அள்ளிக்கொண்டு போயிருந்தது. ரெஜிஸ்ட்ரியைத் தனியாக ஓட்டாமல் சர்வருக்குள்ளேயே உருவாக்கியிருந்தேன். ஆப்ஜெக்ட்டை மெயின் மெத்தடின் உள்ளூர் மாறியில் வைத்திருந்தேன். மெயின் முடிந்தது, மாறியும் போனது. ரெஜிஸ்ட்ரியில் இருந்தது வெறும் ஸ்டப். ஆர்எம்ஐ தன் அட்டவணையில் உண்மையான ஆப்ஜெக்ட்டைப் பலவீனமாகத்தான் பிடித்து வைத்திருக்கும், அந்தப் பிடி சேகரிப்பானைத் தடுக்காது. ரெஜிஸ்ட்ரி தனி புராசஸாக இருந்திருந்தால் அதுவும் ஒரு கிளையன்ட் போல அந்த ஆப்ஜெக்ட்டைக் குத்தகைக்கு எடுத்திருக்கும். குத்தகை இயல்பாகப் பத்து நிமிடம், முடிவதற்குள் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். எனக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. மெயின் முடிந்த பிறகும் நிற்கும் ஒரு ஸ்டாட்டிக் மாறியில் ஆப்ஜெக்ட்டைப் போட்டதும் பிழை நின்றது. ஒரே ஒரு வரி.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வோர் இருக்கையையும் ரிமோட் ஆப்ஜெக்ட்டாக வைத்து எண், வரிசை, நிலை என்று மூன்று கெட்டர் (மதிப்பை எடுத்துத் தரும் மெத்தட்) எழுதியிருந்தேன். ஆப்ஜெக்ட் சார்ந்த நிரலாக்கத்தில் அழகான வடிவம். 400 இருக்கைக்கு 1200 அழைப்பு. ஒரு போய்வரலுக்கு 2 மில்லிசெகண்ட் என்றாலே படம் வரைய 2.4 செகண்ட். ஒரே கணினியில் ஓட்டியவரை இது தெரியவே இல்லை. எல்லா இருக்கைகளின் நிலையையும் ஒரே அழைப்பில் நகலாக அள்ளித் தரும் மெத்தட் ஒன்றை எழுதினேன். முன்பு திட்டிய நகல்தான் இங்கே கைகொடுத்தது.

கடைசியாகக் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். சும்மா ஆர்வம்தான். பதிவு செய்யும் அழைப்பு போய்க்கொண்டிருக்கும்போது இழுத்தேன், ரிமோட்எக்செப்ஷன் வந்தது. கேபிளைச் செருகி மறுபடி அழைத்தேன். ஒருவருக்கு இரண்டு இருக்கை பதிவாகியிருந்தது. முதல் அழைப்பு சர்வரில் நடந்து முடிந்து, பதில் திரும்பும் வழியில்தான் தொலைந்திருக்கிறது. உள்ளூர் மெத்தட் என்றால் நடந்ததா இல்லையா என்ற சந்தேகமே வராது. இங்கே எக்செப்ஷன் வந்தால் நடந்தும் இருக்கலாம், நடக்காமலும் இருக்கலாம், கிளையன்ட்டுக்குத் தெரிய வழியில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் கிளையன்ட்டே ஓர் எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் பழைய பதிலையே தரும்படி மாற்றினேன். இரண்டு கிளையன்ட்டுகள் ஒரே நேரத்தில் வந்தால் ஆர்எம்ஐ வெவ்வேறு த்ரெட்டில் ஓட்டக்கூடும் என்பதால் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் சின்க்ரனைஸ்டையும் பதிவு மெத்தடுக்குப் போட்டேன்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸைச் சேர்ந்த நால்வர் 1994-லேயே ஒரு கட்டுரையில் இதை எழுதியிருக்கிறார்கள்: தாமதம், நினைவக அணுகல், பாதி மட்டும் செயலிழப்பது, ஒரே நேரத்தில் பலர் அழைப்பது, இவற்றால் தூரத்து ஆப்ஜெக்ட்டையும் உள்ளூர் ஆப்ஜெக்ட்டையும் ஒன்றாகப் பாவிக்கக் கூடாது என்று. அவர்களில் ஜிம் வால்டோவும் ஆன் வோல்ராத்தும் பின்னர் ஆர்.எம்.ஐ. வடிவமைப்பில் இருந்தவர்கள். ஒவ்வொரு மெத்தடிலும் ரிமோட்எக்செப்ஷனை எழுத வைத்து நம்மை ஏன் எரிச்சல்படுத்துகிறார்கள் என்பது அதைப் படித்த பிறகுதான் புரிந்தது.

புதிதாக ஒன்று கட்டுவதென்றால் இன்று ஆர்.எம்.ஐ.யை எடுக்க மாட்டேன், இதே வேலையைச் செய்யும் இன்னொரு ஏற்பாடான ஜிஆர்பிசி பக்கம்தான் போவேன். கேபிளைப் பிடுங்கினால் வரும் கேள்வி அங்கேயும் அதேதான்.

அந்தப் பதினேழு கேட்ச் பிளாக்குகளை இப்போது ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருக்கிறேன். வெறுமனே படிக்கும் அழைப்பு என்றால் மறுமுயற்சி. எதையாவது மாற்றும் அழைப்பு என்றால் கோரிக்கை எண். பதினொன்று முடிந்தது. மீதி ஆறில் இரண்டு பணத்தைத் திருப்பித் தரும் மெத்தடில் இருக்கின்றன.