படகுக்கு அடியில் கடுகு வெடிக்கிறது

படகில் படுத்த முதல் இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. காதைத் தலையணையில் வைத்தால் போதும், கீழிருந்து சடசடவென்று ஒரு சத்தம். காய்ந்த எண்ணெயில் கடுகைப் போட்டு மூடி வைத்தால் உள்ளே வெடிக்குமே, அச்சாக அதே சத்தம். நிற்கவே இல்லை. அடிப்பாகம் விரிசல் விடுகிறதோ என்று பயந்து என் கணவரை எழுப்பினேன். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு தரைப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. விடியும்வரை இருவரும் உட்கார்ந்தே இருந்தோம்.

காலையில் பக்கத்துப் படகுக்காரர் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. விரல் நீளம்கூட இல்லாத ஓர் இறால் வகை. ஒரு கொடுக்கு மட்டும் அதற்குப் பெரிதாக வளர்ந்திருக்கும். அந்தக் கொடுக்கை அது வெடுக்கென்று மூடும்போது தண்ணீர் பீய்ச்சியடித்து ஒரு குமிழி உண்டாகிறது. அந்தக் குமிழி உடைகிற சத்தம்தான் நாங்கள் கேட்டது. மெரினாவின், அதாவது படகுகளைக் கட்டி நிறுத்தும் துறையின், தூண்களிலும் கல் இடுக்குகளிலும் கணக்கில்லாமல் இருக்கின்றன. எங்கள் ஃபைபர் கிளாஸ் படகு வீணையின் குடம் மாதிரி அந்தச் சத்தத்தை வாங்கி உள்ளே பெருக்கிக் கொடுக்கிறது.

படகு வாழ்க்கையில் முதலில் பழக வேண்டியது காது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போது இறால் சத்தம் அதுபாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும், அதற்கு மேலே வேறு எந்தச் சத்தம் புதிதாக வந்தாலும் விழித்துக்கொள்வேன்.

நாங்கள் மலேசியாவின் கெடா மாநிலத்துக்காரர்கள். சுங்கை பட்டாணியில் வீடு. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் பட்டர்வொர்த்தில் கப்பல் இன்ஜின்களோடு முப்பது வருடம் காலம் தள்ளியவர். பிள்ளைகள் வேலைக்குப் போனதும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, 1984இல் கட்டிய 36 அடிப் பாய்மரப் படகு ஒன்றை ஒரு முதிய ஆஸ்திரேலியத் தம்பதியிடம் வாங்கினோம். உறவினர்கள் யாரும் நல்ல வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் பயம் எனக்குப் புரிந்தது, ஏனென்றால் என் பாட்டி சொன்ன கதைகளும் அப்படித்தான் இருக்கும்.

பாட்டி 1934இல் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி பினாங்குக்கு வந்தவர். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்ததையும், வாந்தி எடுத்தே உடம்பு நாராகிப் போனதையும், பினாங்கை எட்டிய பிறகும் ஊருக்குள் விடாமல் ஜெரெஜாக் தீவில் தொற்று நோய்க் கண்காணிப்பில் வைத்ததையும் சாகும்வரை சொன்னார். அப்புறம் அவர் கடல் பக்கமே போகவில்லை. ரப்பர் தோட்டம், லயம் என்னும் வரிசை வீடு, பால்மரம் என்று காலம் கழிந்தது.

2023 பிப்ரவரியில் பினாங்கின் ஸ்ட்ரெய்ட்ஸ் குவே மெரினாவிலிருந்து படகை லங்காவித் தீவுக்குக் கொண்டுவந்தோம். ஏறத்தாழ 60 கடல் மைல். விடிகாலை நான்கு மணிக்குக் கட்டவிழ்த்தோம். இருட்டில் மீன்பிடி வலைகளுக்குப் பயந்து நான் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், டார்ச்சோடு உட்கார்ந்திருந்தேன். வெளுத்ததும் வலப்பக்கம் ஜெராய் மலை தெரிந்தது. வீட்டு வாசலிலிருந்து பிறந்த நாள் முதல் பார்த்த மலைதான், உயரம் 1,217 மீட்டர். ஆனால் கடலிலிருந்து அது வேறு மலை. சுற்றிலும் தட்டையான வயல்வெளிக் கரை, அதில் தனியாக எழுந்து நிற்கிறது. வேறு எதைப் பார்த்தும் கரையை அடையாளம் சொல்ல முடியாது. பூஜாங் பள்ளத்தாக்குக்கு எத்தனையோ முறை மாணவர்களைப் பேருந்தில் கூட்டிப்போய், இதுதான் கடாரம், 1025இல் ராஜேந்திர சோழனின் படை வந்தது இங்கேதான் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். துறைமுகம் ஏன் அந்த மலையடிவாரத்தில் இருந்தது என்று ஒரு மாணவன் கேட்டபோது ஆறு இருந்ததால் என்று மட்டும் பதில் சொன்னேன். அரைகுறைப் பதில். வங்கக் கடலைத் தாண்டி வருகிற மாலுமி கண்ணுக்கு முதலில் படுவது அந்த மலை. அதை நோக்கித் திருப்பினால் ஆற்று முகம் வந்துவிடும். பகல் முழுக்க அது எங்கள் கூடவே வந்தது. மாலை ஐந்து மணிக்கு ரெபாக்கை அடைந்தோம்.

ரெபாக், லங்காவியின் தென்மேற்கில், பந்தாய் செனாங்குக்கு எதிரே இருக்கும் சிறு தீவு. மெரினா தீவுக்குள்ளே ஒரு குளம் மாதிரி அமைந்திருக்கிறது. குறுகலான கால்வாய் வழியாக நுழைந்துவிட்டால் வெளியே என்ன அலை அடித்தாலும் உள்ளே தெரியாது. கடைத்தெரு என்று எதுவும் கிடையாது. அரிசி பருப்பு வாங்க வேண்டுமென்றால் படகுச் சேவையில் கால் மணி நேரம் போய் லங்காவியில் இறங்கி, அங்கிருந்து குவா டவுனுக்குப் போக வேண்டும். நான் வாரம் ஒரு முறை போவேன். இருவாட்சிகள் தலைக்கு மேலே ஜோடி ஜோடியாகப் பறக்கும். முதல் மாதம் ஒவ்வொன்றையும் நின்று பார்த்தேன், இன்றைக்கும் பார்க்கிறேன்.

படகுகள் கட்டியிருப்பது மிதவை மேடைகளில். கடல் ஏற்றத்தில் மேடையும் படகும் சேர்ந்தே உயரும், வற்றத்தில் சேர்ந்தே இறங்கும். அதனால் கயிற்றைத் தளர்த்தி இறுக்கும் வேலை இல்லை. ஆனால் கரைக்கும் மேடைக்கும் நடுவே ஒரு சாய்வுப் பாலம் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமி சமயங்களில் கடல் மட்டம் இரண்டரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அந்த நாட்களில் வற்றத்தில் அந்தப் பாலம் ஏணி மாதிரி செங்குத்தாகிவிடும். பத்து கிலோ அரிசி மூட்டையைத் தள்ளுவண்டியில் வைத்து அதில் இறங்கியவர்களுக்குத்தான் தெரியும். படகில் ஏற்றவற்ற அட்டவணை இருக்கிறது, கைத்தொலைபேசியிலும் இருக்கிறது. ஆனாலும் நான் பார்ப்பது சுவரில் மாட்டியிருக்கும் தமிழ் நாட்காட்டியைத்தான். அஷ்டமி நவமியில் கடல் அதிகம் ஏறாது, இறங்காது. என் சாமான் வாங்கும் நாள் அதுதான். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று பாட்டி ஒதுக்கிய நாட்கள் எனக்கு அரிசி வாங்கத் தோதாக இருக்கின்றன.

உள்ளே இடம் எப்படி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நீளம் 36 அடி என்றாலும், அகலம் நடுவில் 11 அடிதான், இரு முனையும் குறுகிவிடும். படுக்கை முன்னால், முக்கோண வடிவில். எங்கள் இருவர் தலையும் அகலமான பக்கம், கால்கள் நான்கும் குறுகலான பக்கம். யாராவது ஒருவர் புரண்டால் மற்றவர் கால் நகர வேண்டும். கோபித்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்ள அறை கிடையாது. ஆரம்பத்தில் இது எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. சுங்கை பட்டாணி வீட்டில் சண்டை வந்தால் இரண்டு நாள் பேசாமல் இருப்போம். இங்கே அவர் அணியத்தில் போய் உட்காருவார், நான் பின்பக்கம் சுக்கான் அருகில். பசியாற ஒரே மேசைக்குத்தான் இருவரும் திரும்ப வேண்டும். பேசித் தீர்ப்பதைத் தவிர வேறு வழியில்லாததால் முப்பது வருடத்தில் பேசாததையெல்லாம் இந்தப் படகில் பேசியிருக்கிறோம். இதற்காகவே இந்தப் படகுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

சமையல் கடினமே இல்லை. மாவு இந்த வெக்கையில் ஐந்து மணி நேரத்தில் பொங்கிவிடும். பிரஷர் குக்கரைவிடப் படகுக்கு ஏற்ற பாத்திரம் கிடையாது. மூடி பூட்டிக்கொள்வதால், போகும்போது படகு சாய்ந்தாலும் குழம்பு கொட்டாது. கவனமாக இருக்க வேண்டியது கேஸ் விஷயத்தில்தான். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் ஜன்னல் கதவு வழியாக வெளியேற வாய்ப்பு உண்டு. படகில் கசிந்தால் நேரே அடிவயிற்றில் போய்த் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். அதனால் சிலிண்டர் வெளியே தனிப் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டிக்கு அடியில் ஓர் ஓட்டை, கசிந்தால் கடலுக்குப் போய்விடும்படி. ஒவ்வொரு முறை அடுப்பை அணைத்ததும் வெளியே போய் வால்வை மூட வேண்டும். மழையென்றாலும் போக வேண்டும்.

இனி ஒரு பம்ப் கதை. கடலில் போகிறவர்களைவிட மெரினாவில் இருப்பவர்களுக்கு ஆபத்து குறைவு என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். படகின் அடியில் ஆறு ஓட்டைகள் இருக்கின்றன. கழிவறைக்கு, இன்ஜினைக் குளிர்விக்க, கழுவுதொட்டிக்கு என்று தண்ணீர் வரவும் போகவும் விட்ட துளைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. அதன் பக்கத்திலேயே ஒரு கூம்பு வடிவ மரக்கட்டை கயிற்றில் தொங்கும். வால்வு உடைந்தால் அதை அடித்துச் சொருக வேண்டும்.

ஓர் இரவு இரண்டு மணி இருக்கும். இறால் சத்தத்துக்கு நடுவே உர்ர் என்று ஒரு சத்தம். பத்து விநாடி ஓடி நின்றது. அடியில் தேங்கும் தண்ணீரை வெளியே தள்ளுகிற பம்ப். மழை இல்லாத நாளில் அது ஓடவே கூடாது. மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். நூற்றைம்பது வந்தபோது மறுபடி உர்ர்.

"என்னங்க, எழுந்திருங்க. பம்ப் ஓடுது."

அவர் எழுந்த வேகத்தில் தலையை மேல்தளத்தில் இடித்துக்கொண்டார். பலகையைத் தூக்கினோம். டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் கறுப்பாக, எண்ணெய்ப் படலத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. நான் மரக்கட்டைகளை எடுக்கப் போனேன். அவர் குனிந்து விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்தார். எனக்குக் குமட்டியது.

"உப்பு இல்ல," என்றார். நம்பாமல் மறுபடி வைத்துப் பார்த்தார். "நீயும் பாரு."

வைத்தேன். டீசல் வாடை, கொஞ்சம் சோப்பு. உப்பு இல்லவே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உப்பு இருந்தால் கடல் உள்ளே வருகிறது என்று அர்த்தம். உப்பு இல்லையென்றால் நம் குடிதண்ணீர்த் தொட்டிதான் ஒழுகுகிறது. கழுவுதொட்டிக்குப் பின்னால் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் துருப்பிடித்து அறுந்திருந்தது. தண்ணீர் மோட்டார் தொட்டியிலிருந்து இறைத்து இறைத்து அடியில் ஊற்ற, அடியிலிருந்த பம்ப் அதைக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தது. இருநூறு லிட்டர் நல்ல தண்ணீர். மறுநாள் மேடைக் குழாயில் பிடித்துக்கொண்டோம், அது பெரிய விஷயமில்லை. அன்றிலிருந்து படுக்கப் போகுமுன் தண்ணீர் மோட்டாரின் சுவிட்சை அணைப்பது என் வேலை. பழைய கிளிப்புகள் அத்தனையையும் அந்த வாரமே அவர் மாற்றிவிட்டார்.

அவர் வேலையைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் எனக்குப் பாதிதான் புரியும். தண்ணீருக்கடியில் இருக்கும் உலோகங்களைக் கடல் அரித்துவிடாமல் இருக்க ஒரு துத்தநாகக் கட்டியைப் பொருத்துகிறார்கள். காப்பர் கலந்த புரொப்பெல்லருக்குப் பதில் இது கரைந்து போகும். கரையிலிருந்து மின்சாரம் இழுத்துக்கொண்டு படகுகள் நெருக்கமாக நிற்கும் மெரினாக்களில் இன்னும் சீக்கிரம் கரையலாம் என்கிறார். மூழ்கிப் பார்த்துவிட்டு வந்து, உள்ளங்கையில் கரையான் தின்ற மரம் மாதிரி ஒரு துண்டைக் காட்டினார். முழுக் கட்டியில் மிஞ்சியது அவ்வளவுதான்.

மின்னலுக்குத்தான் இன்னும் பயப்படுகிறேன். தென்மேற்குப் பருவத்தில் மேற்கே வானம் கறுத்தால், பாய்மரங்கள் நிற்கிற இந்த இடத்தில் மின்னலுக்குப் பிடித்தது எது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அப்போது கைத்தொலைபேசிகள், கையடக்க ஜி.பி.எஸ்., ரேடியோ எல்லாவற்றையும் எடுத்து, கேக் சுடுகிற இரும்பு அடுப்புப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவோம். இரும்புப் பெட்டி மின்னலின் தாக்கத்திலிருந்து அவற்றைக் காக்கும் என்று படகுக்காரர்கள் எல்லோரும் செய்வது. ஒருமுறை மறுநாள் காலை கேக் செய்ய அந்த அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். நல்ல வேளை, உள்ளே ரேடியோ கரகரத்தது.

எங்கள் மேடையில் வயதான மாலுமி ஒருவர் இருக்கிறார். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி லங்காவிக்கும் வந்தது. ரெபாக்கிலும் தெலாகா துறைமுகத்திலும் மேடைகள் சேதமாயின. அவர் அதைச் சொல்லும்போது கைகளால் தண்ணீர் சுழன்றதைக் காட்டுவார், வார்த்தை அதிகம் வராது. அதே காலையில் அதே கடல் பாட்டியின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அவர்களில் எங்கள் உறவுக்காரர்களும் உண்டு. நான் அவரிடம் சொன்னேன். சிறிது நேரம் இருவரும் கால்வாய் வாயைப் பார்த்தபடி நின்றோம்.

ஜனவரி வந்துவிட்டால் மெரினாவில் ஒரு பரபரப்பு. வாடைக்காற்று நிலைத்து வீசும் காலம். மேற்கே போகிற படகுகள் சுமத்ராவின் வட முனையைத் தாண்டி இலங்கைக்குப் புறப்படும் பருவம். ஒவ்வொன்றாகக் கயிற்றை அவிழ்க்கும்போது எல்லோரும் மேடைக்கு வந்து கையசைப்போம். இந்த வருடம் நான்கு படகுகள் போயின. கடைசிப் படகு கால்வாயைத் தாண்டியதும் நான் உள்ளே போய் வரைபடத்தில் நாகப்பட்டினத்துக்கு அளந்து பார்த்தேன். சுமார் 1,200 கடல் மைல். எங்கள் படகுக்குப் பத்து நாள், பன்னிரண்டு நாள்.

அவர் இன்ஜினுக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, பாட்டி ஊருக்கு நாமளே போனா என்ன?"

முடுக்கும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் பதில் இல்லை.

"முதல்ல பாயைப் புதுசா தைக்கணும்," என்றார். "அந்தப் பதினேழு நம்பர் ஸ்பேனரை எடு."