சஃபாரி வழிகாட்டியின் கையில் தரும் உறை

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் நான்கு நாட்கள் தங்கியிருந்தபோது, விடியுமுன்பே வண்டியைத் துடைத்து நிறுத்திவிட்டு, புல்வெளியில் ஒரு காது அசைந்தாலே அது சிவிங்கிப்புலி என்று கண்டுகொண்ட எங்கள் வழிகாட்டிக்கு எவ்வளவு அன்பளிப்புத் தருவது என்பதே எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் டிப்ஸ் கட்டாயமன்று. ஆயினும் இத்தொழிலில் உள்ள பலருக்கு அது வருமானத்தின் முக்கியப் பகுதி. வண்டியையும் ஓட்டி வழியும் காட்டுபவருக்கு, பயணி ஒருவர் நாளொன்றுக்கு 10 முதல் 20 டாலர் வரை கணக்கிட்டு, கடைசி நாளில் உறையிலிட்டு அவர் கையிலேயே தருவது வழக்கம். சமையலறையிலும் சலவையிலும் உழைப்போர் நம் கண்ணில் படுவதில்லை என்பதால், முகாமின் பொது உண்டியலையும் மறக்கக் கூடாது. கென்ய ஷில்லிங்காகத் தரலாம். டாலரானால் கிழியாத, புதிய நோட்டுகளாக இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: சிங்கத்தை நெருங்குவதற்காகப் பாதையை விட்டு இறங்கும்படி பணத்தைக் காட்டி ஓட்டுநரை வற்புறுத்துவது தவறு. அபராதம் அவர் தலையில் விழும்; வண்டிகள் சூழ்ந்துகொண்டால் சிவிங்கிப்புலி தன் வேட்டையையே கைவிட நேரும். எங்கள் ஆவலுக்கு இணங்காமல் தொலைவிலேயே வண்டியை நிறுத்திய அவருக்கு, நான் நினைத்திருந்ததைவிடக் கூடுதலாகவே உறையில் வைத்தேன்.