மலிவா இருக்கே, ஏன்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் நான் காத்திருப்பேன். கடையில் ஒயின் அலமாரி என் பொறுப்புக்கு வந்ததிலிருந்து மல்டோவா பாட்டில்களை நகர்த்துவதற்கு நான் படும் பாடு கடை முதலாளி தவுக்கேவுக்குத் தெரியும். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் ஒயின் தேடி வருகிறவர்கள் பிரான்ஸ் என்பார்கள், ஆஸ்திரேலியா என்பார்கள், கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் சிலி என்பார்கள். மல்டோவா என்றால் "அது எங்கே இருக்கு?" ருமேனியாவுக்கும் உக்ரேனுக்கும் நடுவில் என்று சொன்னதும் பாட்டில் அலமாரிக்கே திரும்பிப் போய்விடும்.

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி ஐயா கேட்டது வேறு மாதிரி. பினாங்கிலிருந்து சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள், சம்பந்தி சிவப்பு ஒயின் குடிப்பவர், கௌரவமாக ஒன்று வேண்டும் என்று 130 வெள்ளி (ரிங்கிட்) பிரெஞ்சு போர்டோ பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்து வைத்திருந்தார். அந்தச் சரக்கு எனக்குத் தெரியும். பெயருக்கே பாதி விலை. பக்கத்தில் 58 வெள்ளிக்கு ஃபெத்தியாஸ்கா நேக்ரா இருந்தது. மல்டோவா பக்கத்துச் சொந்தத் திராட்சை அது. கறுத்த பிளம் பழ வாசனை, லேசான காரம், நாக்கை இழுத்துப் பிடிக்காத துவர்ப்பு. ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு குடிக்க அந்த போர்டோவைவிட இதுதான் பொருத்தம் என்று இப்போதும் சொல்வேன்.

மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டிலைத் திருப்பி, பின்பக்கச் சீட்டில் மது 13.5 சதவீதம் என்ற எண்ணின்மேல் விரலை வைத்துப் படித்தார். வேலைக்காலம் முழுக்க, ரப்பர் பாலின் அடர்த்தியை அளக்கும் மெட்ரோலாக்கைப் பாலில் மிதக்கவிட்டு எண் பார்த்தவர். தண்ணீர் கலந்த பாலா இல்லையா என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"மலிவா இருக்கே தம்பி, ஏன்? மலிவுச் சரக்கக் குடிச்சி நம்ம லயத்துல எத்தன பேரு போய்ச் சேர்ந்தாங்கன்னு எனக்குத் தெரியும்."

சம்சுவைச் சொல்கிறார், தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் ஓடிய மலிவுச் சாராயம். அந்தப் பேச்சு வந்துவிட்டால் சிரித்து மழுப்ப முடியாது. தெரிந்ததையெல்லாம் சொன்னேன். 2006-ல் ரஷ்யா மல்டோவா ஒயினுக்குத் தடை போட்டது. அதுவரை அவர்கள் ஏற்றுமதியில் பெரும் பங்கு அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. 2013-ல் மறுபடியும் ஒரு தடை. அதற்கெல்லாம் முன்னால், மல்டோவா சோவியத் யூனியனில் இருந்த 1985-ல், அதன் தலைவர் கோர்பச்சேவ் மதுவுக்கு எதிராக இறங்கியபோது, திராட்சைக் கொடிகளையே பிடுங்கிப் போட்டார்கள். வாங்குகிறவன் கதவைச் சாத்தியதும் தரத்தை உயர்த்தி ஐரோப்பா பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று. மிலெஷ்டி மிச் என்ற இடத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டிய சுரங்கங்கள் 200 கிலோமீட்டர் நீளம், அதற்குள் சேர்த்து வைத்திருக்கும் பாட்டில்களை உலகிலேயே பெரிய சேகரிப்பு என்று 2005-ல் கின்னஸ் பதிவு செய்தது. ஊர் பேர் தெரியாததால்தான் விலை ஏறவில்லை, சரக்கில் குறை கிடையாது என்றேன்.

அவர் முகத்தில் சந்தேகம் போகவில்லை. அப்போதுதான் சொன்னேன்:

"ஐயா, ரப்பர் விலை விழுந்தப்ப நம்ம பால் கெட்டா போச்சு?"

பாட்டிலைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: "பால் கெடல தம்பி. வெட்டுனவன்தான் கெட்டான்." கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, "சரி, ரெண்டு குடு" என்றார்.

விற்பனை முடிந்தது. அவருக்கு 14 வெள்ளி மிச்சம், ஒரு பாட்டில் கூடுதல். வாடிக்கையாளருக்கு நல்லதைச் சொல்லிக் கொடுப்பதுதானே என் வேலை? நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஆனாலும் அந்த ரப்பர் உதாரணத்தை நான் எடுத்திருக்க வேண்டுமா என்பது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. என் அம்மா பால்மரம் வெட்டியவர். விலையோடு சேர்ந்து கூலியும் ஏறி இறங்கும் என்பது எனக்குப் பாடப் புத்தகத்தில் படித்து வந்த அறிவு இல்லை. அதை வைத்து ஒரு பெரியவரை ஒயின் வாங்க வைத்தேன்.

அவர் அதை எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்பதும் தெரியவில்லை. எடையை எழுதியவர் அவர். விலை அவர் கையில் இல்லை, ஆனால் சம்பள நாளில் ஆட்களின் முகத்தைப் பார்த்தவர் அவர்தான்.

அன்றிலிருந்து அந்த 58 வெள்ளியைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். நம் நாட்டில் ஒயினுக்குக் கலால் வரி போடுவது அதிலுள்ள மதுவின் அளவை வைத்துத்தான். 13.5 சதவீதம் என்றால் 58 வெள்ளி பாட்டிலுக்கும் 300 வெள்ளி பாட்டிலுக்கும் அந்த வரி ஒன்றே. கப்பல் கூலியும் பாட்டில் கண்ணாடியும் பெரிதாக மாறாது. எங்கள் கடை லாபத்தைத் தவுக்கே விட்டுக்கொடுக்கப் போவதில்லை. அப்படியானால் மலிவு எங்கிருந்து வருகிறது? கொடி வளர்க்கிறவன் பங்கிலிருந்துதான். ஐரோப்பாவின் மிக ஏழை நாடுகளில் ஒன்று மல்டோவா. கிராமத்து ஆட்கள் வேலை தேடி வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். தடையைப் பற்றியும் சுரங்கத்தைப் பற்றியும் அவ்வளவு பேசிய நான், பழம் பறிக்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்காமலே அதை எடுத்துச் சொன்னவர் கிராணி ஐயாதான்.

சரி, வாங்காமல் விட்டால் மட்டும் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? ஒரு பெரிய வாடிக்கையாளன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதில் பட்டவர்கள். உலகத்தின் இந்த மூலையில் ஒருவர் இரண்டு பாட்டில் வாங்குவது நல்லதுதான் என்று ஒரு நாள் தோன்றுகிறது. தோட்டத்திலும் விலை விழுந்த காலத்தில் "வாங்குகிறானே, அதுவே போதும்" என்று சொன்னவர்கள் உண்டு, அந்தப் பேச்சு அம்மாவுக்குப் பிடித்ததே இல்லை என்று அடுத்த நாள் தோன்றுகிறது.

சம்பந்திக்குப் பிடித்திருந்தது, பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போனார் என்று கிராணி ஐயா வந்து சொன்னார். அதற்குமேல் இருவரும் எதுவும் பேசவில்லை. நன்றாகப் போகிறதே, 69 ஆக்கிவிடலாமா என்று தவுக்கே கேட்டார். ஏறும் 11 வெள்ளியில் ஒரு சென்கூட மல்டோவாவுக்குப் போகாது என்றேன். அதற்குப் பதிலாக, சொந்தக் கொடியில் விளைந்த பழத்தைத் தாங்களே ஒயினாக்கி பாட்டிலில் அடைக்கும் சின்னத் தோட்டக்காரர்களின் சரக்கு ஒன்றை இறக்குமதிக்காரரிடம் கேட்டிருக்கிறேன். கடையில் 75 வெள்ளிக்கு வைக்க வேண்டியிருக்கும். வரி அதே வரிதான் என்பதால் கூடுதல் காசில் கொஞ்சமாவது கொடிக்காரனுக்குப் போய்ச் சேரும் என்பது என் கணக்கு. நம் ஊரில் 75 வெள்ளிக்கு யார் வாங்குவார்கள் என்று தவுக்கே கேட்கிறார். முதல் தடவைக்கு ஆறு பாட்டிலுக்குமேல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.