நல்ல ஆபரேட்டரை யார் விடுவார்கள்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் ஷாப் ஃப்ளோரில் ஸ்கில் மேட்ரிக்ஸ் போர்டு ஒன்று மாட்டியிருக்கும். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே நாலாகப் பிரித்த வட்டம். கால் வட்டம் என்றால் வேலை பழகுகிறார். அரை என்றால் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். முக்கால் என்றால் தனியாகச் செய்வார். முழு வட்டம் என்றால் மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரிந்தவர்.

என்னை உறுத்துவது அந்த முழு வட்டங்கள்தான். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி மெஷினில் முழு வட்டம் வாங்கியவர் வருஷக்கணக்கில் அதே மெஷினில் நிற்கிறார். செட்டிங், புரோகிராமிங் வகுப்புக்கு அவர் பெயரைக் கேட்டால் சூப்பர்வைசர், "அவன விட்டா ஷிஃப்ட்ட யாரு ஓட்டுறது சார்?" என்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. சாயங்காலமானால் அவரிடம் எத்தனை பீஸ் என்றுதான் கேட்பார்கள். எத்தனை பேரை வளர்த்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கடைசியில் வகுப்புக்கு வருகிறவர்கள் அன்றைக்கு லைனில் தேவைப்படாதவர்கள். கெட்டிக்காரராக இருப்பதே ஒருவரின் முன்னேற்றத்துக்குத் தடையாவது அநியாயம்.

சென்னையில் பயிற்சிக்குப் பஞ்சமில்லை. கிண்டியில் இருக்கும் மத்திய அரசுத் தொழிற்பயிற்சி நிலையமான என்எஸ்டிஐயில், அதாவது பழைய ஏடிஐயில், வேலையில் இருப்பவர்களுக்கென்றே குறுகியகால வகுப்புகள் உண்டு. பணம் கட்டக் கம்பெனியும் தயார். ஆளை விடத்தான் நாள் கிடைப்பதில்லை. நைட் ஷிஃப்ட் முடித்தவரைக் காலையில் உட்காரவைத்தால் கண் சொருகும். வார லீவில் வைத்தால் பெண்களால் வர முடிவதில்லை. துவைப்பதிலிருந்து ரேஷன் கடை வரை எல்லாம் அன்றைக்குத்தான்.

அதனால் ஒரு மெஷினுக்கு முழு வட்டம் ஒருவர் மட்டும் இருந்தால், அங்கே இரண்டாவது ஆளைத் தயார் செய்வதை முதல் வேலையாக எடுத்தோம். அப்புறம், ஒரு லைனிலிருந்து மேலே போனவர்களையும் அந்தச் சூப்பர்வைசரின் வருடாந்திர மதிப்பீட்டில் சேர்க்க வைத்தோம். இப்போது சூப்பர்வைசர்களே பெயர் எழுதிக் கொடுக்கிறார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. "படிச்சிட்டு வந்தும் இதே மெஷின், இதே சம்பளம்தானே சார்?" என்று ஆபரேட்டர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வகுப்புக்குப் பெயர் எழுதும்போதே, முடித்து வந்தால் எந்த கிரேடு, எவ்வளவு உயர்வு என்பதையும் எழுத்தில் கொடுங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். கிடைக்கும்வரை கேட்பேன்.