வலிக்காத புண்

இரண்டு நாளாக புருலி அல்சர் என்ற தோல் நோயைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன், மனசு ஆறவில்லை.

தோலில் சின்னக் கட்டியாகத் தொடங்கும். வலிக்காது. இதை உண்டாக்குவது காசநோய், தொழுநோய்க் கிருமிகளின் உறவுக்காரக் கிருமிதான். அது மைக்கோலாக்டோன் என்ற நச்சைச் சுரக்கிறது. அந்த நச்சு தோலையும் அடியில் உள்ள கொழுப்பையும் அரித்துக்கொண்டே வலியையும் மரத்துப்போக வைத்துவிடுகிறது. வலித்து அழுதிருந்தால் எந்த அம்மாவும் அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாளே! ஆப்பிரிக்காவில் பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். தாமதமானால் கை கால் முடங்கிப்போகும்.

பெயர் உகாண்டாவின் புருலி பகுதியிலிருந்து வந்தது. ஆனால் கிருமியை 1948இல் விவரித்தது ஆஸ்திரேலியாவில். இதுவரை குறைந்தது 33 நாடுகளில் பதிவாகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் போசம் என்ற மரவிலங்கிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வருவதாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அங்கே இருக்கும் நம் நண்பர்களே, கொசுக்கடியைச் சாதாரணமாக விடாதீர்கள்.

சரி, மருந்து இல்லையா? இருக்கிறது. ரிஃபாம்பிசின், கிளாரித்ரோமைசின் இரண்டையும் எட்டு வாரம் கொடுக்கிறார்கள். கட்டியாக இருக்கும்போதே தொடங்கிவிட்டால் பலருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படுவதில்லை.