வற்றுக்குக் காத்திருக்கும் கால்

டிசம்பர் 8
இந்த வலிக்கும் காலோடு இன்று 12 படி ஏறினேன். இறங்கும்போதுதான் உயிர் போகிறது.

டிசம்பர் 11
20ஆம் தேதி அமாவாசை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் சாயங்காலம் கடல் நன்றாக வற்றும். ஜூன் மாதமென்றால் விடியற்காலை இருட்டில் டார்ச்சோடு போகவேண்டும். இப்போது வெளிச்சத்திலேயே பார்க்கலாம். நீர் அரை மீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் சிங்கப்பூரின் உபின் தீவில் இருக்கும் செக் ஜாவா திட்டு முழுசாக வெளியே வரும். வற்று நேர அட்டவணையை நாலு தடவை பார்த்துவிட்டேன்.

டிசம்பர் 13
விடாத மழை. புளோக் கீழேகூட நடக்கவில்லை.

எனக்கு 2007 ஜனவரிதான் ஞாபகம் வருகிறது. எதிர்க்கரையான மலேசியாவின் ஜொகூரில் அடைமழை, ஆற்றுவெள்ளம் முழுக்க இந்தப் பக்கம் வந்து கலந்தது. கடலில் உப்புக் குறைந்துபோய், கம்பளம் விரித்தாற்போல் கிடந்த கடல்சாமந்திகள், பூப்போல விரியும் அந்தக் கடல் பிராணிகள், வெளுத்து, கூழாகிச் செத்தன. நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. 2001இல் செக் ஜாவாவை மண்கொட்டி மூடப்போகிறார்கள் என்று நாங்கள் கூட்டங்கூட்டமாகப் போய்ப் பார்த்தோம். 2002 தொடக்கத்தில் திட்டத்தைத் தள்ளிவைத்ததாக அறிவித்தபோது வீட்டில் பாயசம் வைத்தேன். மனுசர்களிடமிருந்து தப்பியது, மழையிடம் மாட்டிக்கொண்டது. பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்தன என்பது உண்மைதான். ஆனாலும் இப்படிக் கொட்டும்போது மனசு அங்கேயே போய் நிற்கிறது.

டிசம்பர் 16
காலுக்குப் பயிற்சி தரும் பெண்ணிடம், “மணலில் நடக்கலாமாம்மா?” என்று கேட்டேன். “கடற்கரைதானே ஆன்ட்டி, மெதுவா போங்க” என்றாள். சேற்றைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ராத்திரி முழுக்க அது உறுத்தியது.

டிசம்பர் 18
மழை. அவர் பேசவில்லை. என் பூட்ஸை மட்டும் கழுவி வாசலில் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

டிசம்பர் 21
போனேன்.

சாங்கி முனைப் படகுத்துறையில், படகுக்கு 12 பேர் சேரும்வரை உட்கார்ந்திருந்தோம். உபினில் இறங்கும்போது படகோட்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். குழுவினர் எனக்காகவே மெதுவாக நடந்தார்கள். சேறு கணுக்கால்வரை. இடது காலை ஊன்றி, கைத்தடியை ஊன்றி, அப்புறம்தான் வலது காலை உருவவேண்டும்.

எதிரே தவளைத் தீவு, புலாவ் செக்குடு. ஜொகூருக்கு நீந்திப் போகப் பந்தயம் கட்டிய தவளையும் யானையும் பன்றியும் கரைசேராமல் கல்லானதாகக் கதை. தவளை செக்குடுவாம், மற்ற இரண்டும் சேர்ந்து உபினாம். நீர் வற்றினால் அது கைக்கெட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

கடற்புல்லுக்கு நடுவே பெரிய கடல்சாமந்தி ஒன்று, தட்டு அகலம், பழுப்பு நிறம். அந்தக் காலோடு என்னால் குனிய முடியவில்லை. பக்கத்திலிருந்த பையன் குனிந்து பார்த்து, “நல்லா இருக்கு அக்கா, உயிரோட இருக்கு” என்றான். இன்னும் பத்தடியில் இரண்டாவது. ஐந்துவரை எண்ணினேன். அதற்குள் நீர் திரும்பிவிட்டது.

டிசம்பர் 22
நன்றாக வீங்கியிருக்கிறது. ஐஸ் வைத்திருக்கிறேன். ஜனவரி 3 பௌர்ணமி.